சால்வை என்ன நிறம்

...இல்லை, சரியாக எண்ணித்தானே மறைத்தேன், பிறகு ஏன் முகம் வரவில்லை என்று போட்டோக்காரர் தட்டை மெல்ல ஆட்டியபடி குனிந்து பார்த்தார், இருட்டறைச் சிவப்பு விளக்கின் கீழே டெவலப்பர் கரைசலில் கிடந்த தாளில் ஜன்னல் வந்துவிட்டது, கம்பிகளின் நிழல் வந்துவிட்டது, மனைவியின் இரண்டு கைகளும் தோளில் சால்வையும் வந்துவிட்டன, கழுத்துக்கு மேலே மட்டும் வெறும் வெள்ளை, புகை படிந்த மாதிரி ஓரம் கலங்கிய வெள்ளை... அட, பயப்பட என்ன இருக்கிறது, தாளில் வெளிச்சம் விழும்போது கம்பியில் ஒட்டிய அட்டை வட்டத்தை முகத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் முகம் கறுக்காமல் துலங்கி நிற்கும், தூக்கத்தில்கூடச் செய்வார் இதை, இன்று பிடித்த அட்டையை எடுக்கவே மறந்திருக்கிறார், அவ்வளவுதான். நினைப்பு எங்கே போயிற்று? கூடத்தில் பெட்டி இழுபடும் சத்தத்துக்கா? இந்த முறை பெட்டி பெரிது போலிருக்கிறது, போன முறை தன் தம்பி வீட்டுக்குப் போனபோது கைப்பையோடு போனாள், மூன்றாம் நாளே திரும்பி வந்து எதுவும் நடக்காததுபோல அடுப்பைப் பற்ற வைத்தாள், இப்போதும் வருவாள், வராமல் எங்கே போவாள்... கதவு தட்டப்பட்டது.

"தம்பி கார் எடுத்துட்டு வந்துட்டான். நான் கெளம்பறேன்."

"ரெண்டு நிமிஷம்மா. தாள் வெளிய கெடக்கு."

"நீங்க ஒண்ணும் கதவத் தொறக்க வேணாம்."

கோபமில்லாத குரல், அதுதான் புதிது. சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் திறக்கக்கூடாது என்பது கல்யாணமான வாரமே அவர் போட்ட சட்டம், அன்றிலிருந்து இந்த வீட்டில் குடும்ப விவகாரமெல்லாம் கதவு வழியாகத்தான், மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னதும் கதவு வழியாக, தன் அப்பா இறந்துவிட்டார் என்று அவள் அழுததும் கதவு வழியாக, இவரும் ரெண்டு நிமிஷம் என்றார், அன்றைக்கு அந்தப் படம் நன்றாகவே வந்தது. மகள் ஒருநாள் கேலி செய்தாள், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு கதவுதான் குடும்பம் நடத்துகிறது என்று, மூன்று பேரும்தான் சிரித்தார்கள்... சிரித்தார்களா, மூன்று பேருமா? அவர் இன்னொரு தாளை வைத்தார், இந்த முறை முகத்தை மறைக்கவே இல்லை, என்ன வருகிறதோ வரட்டும், ஆனால் நெகட்டிவைச் சட்டத்துக்குள் நகர்த்தும்போது கை தானாக அவளை ஓரத்துக்குத் தள்ளியது, எப்போதும் அப்படித்தான், நடுவில் ஆள் நின்றால் படம் செத்துவிடும், ஓரத்தில் நின்றால்தான் வெற்றிடம் பேசும், கண்காட்சி நடத்துகிறவர்கூடச் சொன்னாரே, சார், இந்தப் பட வரிசையில் உங்கள் வீட்டம்மா ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறார், கடைசியில் தோள் மட்டும்தான் இருக்கிறது, அபாரம், திட்டமிட்டுச் செய்தீர்களா என்று. ஆமாம் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். திட்டமா? அவர் நகர்த்தவில்லை என்றால் அவள்தான் நகர்ந்தாளா? தாளில் முகம் மெல்லக் கறுத்து வந்தது, மறைக்காத முகம், அதில் இரண்டு கண்களும் காமிராவைத் தாண்டி அவருக்குப் பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தார், சுவர்தான்.

"இருக்கீங்களா?" குரல் இப்போது கதவுக்கு மிக அருகில் இருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னைக்குக் காலைல ஜன்னல் பக்கம் நிக்க வச்சு எடுத்தீங்கள்ல? அப்ப போட்டிருந்த சால்வை என்ன கலர்? சொல்லுங்க, இருந்துடறேன். இல்லன்னா போயிடறேன், திரும்பி வரமாட்டேன்."

இதென்ன பிரமாதம் என்று சிரித்தபடி சொல்ல வாயெடுத்தார். காலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த சால்வை, மடிப்புக்குள் நிழல் எவ்வளவு, விளிம்பில் ஒளி எவ்வளவு, வானத்தைவிட இரண்டு படி அடர்த்தி, சுவரைவிட ஒரு படி லேசு, எல்லாம் மனப்பாடம்... நிறம்? பச்சையா, சிவப்பா, இரண்டும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே சாம்பல்தானே, வாங்கிக் கொடுத்ததே நான்தானே, எந்தக் கடை, கடைக்காரன் எதை விரித்துப் போட்டான்... நினைவிலும் சாம்பலாகத்தான் விரித்துப் போட்டான். ஏதோ ஒன்றைச் சொல்லிவைக்கலாமா? தப்பாகப் போய்விட்டால்? இவள் இல்லாத வீட்டில் இந்தக் கதவை யார் தட்டுவார்கள் என்று நினைத்ததும், தாள் பெட்டி திறந்து கிடப்பது தெரிந்தே தாழ்ப்பாளை இழுத்தார், வெயில் சடாரென உள்ளே பாய்ந்தது, பெட்டியிலிருந்த தாளெல்லாம் பாழ், போகட்டும்.

அவள் எதிரிலேயே நின்றாள், அதே சால்வையோடு, கதவு நிலைக்கு நட்டநடுவில்.

"பாத்தே சொல்லுங்க," என்றாள், கொஞ்சம் சிரித்தாள்கூட.

பார்த்தார். சாம்பல். முகம், உதடு, கையில் தொங்கிய சால்வை நுனி, எல்லாம் சாம்பல். கண் கூசுகிறது, சிவப்பு விளக்கிலிருந்து வந்தால் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும், தட்டில் தாளைப் போட்ட உடனேயா படம் வந்துவிடுகிறது, பொறுத்தால் வரும்...

"இரும்மா... வந்துடும், இதோ வந்துடும்."

வாசலில் தம்பி ஹார்ன் அடித்தான். அவர் அவளுடைய தோளுக்கு மேலாக, திறந்து கிடந்த தெருக்கதவு வழியே எட்டிப் பார்த்தார். கார் நீலம். அதன் பக்கத்துச் செடியில் பூ மஞ்சள். தம்பியின் சட்டைகூட நல்ல சிவப்பு.