தப்பையில் இருந்த பெயர்

பதிவு அலுவலகம் நான்கு மணிக்கு மூடிவிடும். அதற்குள் தன் தொழிலின் பெயருக்கு ஆதாரம் காட்டாவிட்டால், நாளை முதல் அவள் எவருடைய ஒடிந்த கைகாலையும் தொடக்கூடாது.

விண்ணப்பத்தில் “எலும்பு மருத்துவர்” என்று எழுதியிருந்தாள். எழுத்தர் அதை அடித்துவிட்டார்.

“அது பட்டம் வாங்கினவங்களுக்கும்மா. ஜனங்க உங்கள எப்படிக் கூப்பிடறாங்களோ அதப் போடுங்க. ஆனா முப்பது வருஷமா அந்தப் பேரு இருந்ததுன்னு எழுத்துல காட்டணும்.”

“அவ்வளவுதானே!” என்று வீட்டுக்கு ஓடினாள். எலும்புக்கு அணையாக வைத்துக் கட்டும் மூங்கில் தப்பைகள் அங்கே கூடை நிறைய இருந்தன. குணமானவர்கள் தப்பையைத் திருப்பித் தரும்போது, தேதியோடு ஒரு வரி அதில் கீறித் தருவது மாமியார் காலத்து வழக்கம்.

கணவன் பெருமையாக நின்றான். “அதிகாரி வந்து பார்த்தா சுத்தமா இருக்கட்டுமேன்னு எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன். எப்படி?”

“அடப்பாவி மனுஷா! என் தலையெழுத்தையும் சேர்த்துத் தேய்ச்சிருக்கலாமே!”

கூடைக்குள் கைவிட்டவள் சட்டென்று நிமிர்ந்தாள். ஒன்று தப்பியிருந்தது. இருப்பதிலேயே பழையது. அது தெருமுனைத் தையல்காரரின் ஒடிந்த கையில், கட்டுக்குள் இருந்தது. அவர் கடைக்கு ஓடினாள்.

“சாயங்காலம்தானே அவுக்கணும்னு சொன்னே?” என்றார் தையல்காரர்.

“ஒரு மணிநேரத்துல ஒண்ணும் கோணிடாதுண்ணே, வாங்க!”

“ஆபீசுக்கா? என் கைக்கு என்ன திறப்பு விழாவா?”

மூன்று ஐம்பதுக்கு எழுத்தரின் மேசைமேல் தையல்காரரின் கை கிடந்தது. துணி சுற்றுச் சுற்றாக அவிழ, வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தப்பையைத் திருப்பினாள். முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. எழுத்தர் உரக்கப் படித்தார்: “கட்டுக்காரம்மா கட்டிய கை. இன்று கிணற்றில் தண்ணீர் இறைத்தேன்.”

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

“பேருக்குப் பொருள்னு படிவத்துல ஒரு கட்டம் இருக்கே?” என்றார் எழுத்தர்.

“மருந்து கொடுக்கிறவங்க மருத்துவர். நாங்க ஒரு சொட்டு மருந்து கொடுத்ததில்ல. தடவிப் பார்த்து, நேராக்கி, கட்டுறோம். வேலையப் பார்த்து ஜனங்க வச்ச பேரு சார் அது!” விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்பட்ட பெயரை இப்போது ஊரே கேட்கச் சொன்னாள்.

முத்திரையை ஓங்கிய எழுத்தர் தயங்கினார். “கை சேர்ந்துடுச்சா?”

தையல்காரர் காலரில் குத்தியிருந்த ஊசியை அந்தக் கையாலேயே எடுத்தார். ஊசி விழவில்லை.

“நூல் இருக்கா சார்? உங்க சட்டையில பட்டன் தொங்குது.”

முத்திரை விழுந்த சத்தத்தில் மேசை அதிர்ந்தது.