நாலுபிள்ளைக்காரி

அந்த அடுக்குமாடியில் வீட்டுவேலை செய்பவளை எல்லோரும் நாலுபிள்ளைக்காரி என்றுதான் சொல்வார்கள். ஐந்தாம் மாடி ஆபீசரம்மா மட்டும் அப்படிச் சொன்னதில்லை. அவளே திடீரென்று பிள்ளைகளைப் பற்றித் துருவ ஆரம்பித்ததும் இவளுக்குச் சுருக்கென்றது.

முதலில் வயதைக் கேட்டாள். அப்புறம் யாருக்கு என்ன நோய் வந்தது, கடைக்குட்டி பால்குடி மறந்துவிட்டதா என்றெல்லாம் கேட்டாள். கடைக்குட்டியைக் கூட்டிவந்த நாட்களில் லேப்டாப்பை மூடிவிட்டு, வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருடம். அந்த வீட்டில் இன்னும் தொட்டில் ஆடவில்லை. கீழ்வீட்டுச் சமையல்காரி வேறு, ஒன்றைத் தத்துக் கொடு என்று கேட்கத்தான் அடிபோடுகிறாள் என்று காதைக் கடித்தாள்.

மறுநாளிலிருந்து கடைக்குட்டி தங்கை வீட்டில். குழந்தை எங்கே என்றதற்குச் சளி என்று புளுகினாள். அன்று மாலையே ஆபீசரம்மா மருந்தும் கையுமாக இவளுடைய ஒற்றை அறை வாசலில் வந்து நின்றாள்.

இவள் உள்ளே கூப்பிடாமல் கதவை மறித்து நின்றாள். "பிள்ளையக் கேட்டு வந்திருந்தா, தரமாட்டேன் மேடம்."

ஆபீசரம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "எனக்கு ரெண்டு மாசம்," என்றாள் மெதுவாக. "வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. வச்சுக்கறதா வேண்டாமான்னு தெரியல. நீ எப்படிப் பயப்படாம நாலு பெத்தேன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

இவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் வாசலில் ஸ்டூலைப் போட்டாள். அந்த அம்மா கொட்டித் தீர்த்தாள். லீவு போட்டால் பதவி உயர்வு கைநழுவும், பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஒன்றைப் படிக்கவைத்து ஆளாக்குவதற்குள் பாதி ஆயுசு போய்விடும்.

"பயப்படாம யாரு பெத்தா?" என்றாள் இவள். "ஆறு பெத்தேன். ரெண்டு காய்ச்சல்ல போச்சு. எது தங்கும்னு தெரியாமத்தான் அடுத்தடுத்துப் பெத்தேன். எனக்குக் கைகால் விழுந்தா யாரு சோறு போடுவா? உங்களுக்குப் பென்ஷன் வரும்." அப்புறம் சொன்னாள்: "மூத்தவ நர்சுக்குப் படிக்கிறா. அவளைக் கேட்டா ஒண்ணே போதுங்கறா."

அதற்கப்புறமும் சந்தேகம் விடவில்லை. தரை துடைக்கும்போதெல்லாம் ஆபீசரம்மாவின் இடுப்பை ஓரக்கண்ணால் அளந்தாள். ஐந்தாம் மாதம் வயிறு தெரிந்தது. அன்று அவள் கேட்காமலே முதுகுக்குத் தலையணை வைத்து, காலை நீட்டி உட்காரச் சொன்னாள்.