எருக்குவியல் மேல் ஒரு மொட்டைக் கடிதம்

சாம்ராஜ்யங்கள் நிலைத்து நிற்பது பீரங்கிகளால் அல்ல, கண்ணுறங்காத விசுவாசிகளின் எழுதுகோலால்தான். ஐம்பத்திரண்டாம் ஆண்டு, மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தின் உச்சத்தில், மந்தின் ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அந்த எழுதுகோல், பால்மரம் வெட்டும் சன்னாசி வீட்டு எருக்குவியலைப் பற்றி எழுதியது. விடியற்காலையில் குவியலிலிருந்து புகை வருகிறதாம். உள்ளே காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளுக்கு, அரிசி ஒளித்திருக்கிறதாம். தாளின் உச்சியில் பெரிதாகப் பிள்ளையார் சுழி, அடியில் ‘ஒரு ராஜவிசுவாசி’.

கடிதத்தோடு வந்த மலாய்க்காரப் போலீஸ் கோப்ரலுக்குத் தமிழ் தெரியாது. தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி திருநாவுக்கரசைக் கூட்டிவந்தார். கிராணி கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, சன்னாசி வாசலில் நின்று தீர்ப்புச் சொல்வதுபோல் வாசித்தார். பிறகு மலாயிலும் சொன்னார்.

அரிசி விவகாரத்தில் போலீஸ் லாரியேறியவர்கள் யாரும் லயத்து வரிசைவீடுகளுக்குத் திரும்பியதில்லை. சன்னாசியின் மனைவி முத்தாயிக்கு ஏழு மாதம். முள்வேலிக்குள் புதிதாகக் கட்டிய அந்த லயத்தில், புல்டோசர் வழித்துப்போட்ட செம்மண்ணில் புல்கூட முளைக்காது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு பிடி கீரையாவது வேண்டுமே என்றுதான், மந்தினில் ஒரு சீனர் காளான் எடுத்து முடித்துக் கழித்த வைக்கோலைக் காய்கறி லாரியில் வரவழைத்து, கோழி எருவும் சாம்பலும் கலந்து குவித்திருந்தான். குவியல் சூடேறி ஆவி விட்டது. அதை வாரம் ஒரு தரம் அடிமேலாகப் புரட்ட வேண்டும். ரப்பர் பால்வாளியோடு வழுக்கி விழுந்து தோள் பிசகியவனால் மண்வெட்டியைத் தூக்க முடியவில்லை. குவியல் புளிக்கத் தொடங்கியிருந்தது.

நான்கு காவலர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அதை அடிவரை தோண்டினார்கள். அரிசி இல்லை. மிச்சம்மீதிக் காளான் ஒரு கைப்பிடி கிடைத்தது; ஒருவர் அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

“பாஜா லா,” என்றார் கோப்ரல், வெறும் எருதான் என்று. ஆனாலும் சந்தேகம் முழுதாகத் தீராமல், செவ்வாய்தோறும் வந்து கிளறுவதாகச் சொல்லிப் போனார்.

“அடுத்த செவ்வாயும் வருவாங்களா?” என்றாள் முத்தாயி.

“வருவாங்க. சட்டம்னா சட்டம்லா.”

“அப்ப அந்த மூலை காஞ்சு கெடக்குது. அதையும் கொஞ்சம் சந்தேகப்படச் சொல்லுங்க.”

ஐந்து செவ்வாய் வந்தார்கள். ஆறாவது வாரம் எரு காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. அதை மண்ணில் கொட்டிக் கிளறியதும், முதலில் கீரை வந்தது, பிறகு கத்திரி, பிறகு வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பயிற்றங்காய். முத்தாயிக்குச் சுகப்பிரசவம். சாமி கும்பிடும்போதெல்லாம் சன்னாசி அந்த முகம் தெரியாத ராஜவிசுவாசிக்கும் சேர்த்துக் கும்பிட்டான்.

பயிற்றங்காயைப் பார்த்துவிட்டுக் கிராணி வந்தார்.

“என்னடா மருந்து போட்ட?”

“மருந்தெல்லாம் இல்லீங்கய்யா. காளான் வைக்கோலு. பொரட்டிவிட்டது சர்க்காரு. கடுதாசி போட்ட மகராசன் யாருன்னு தெரிஞ்சா மொதக் காயி அவருக்குத்தான்.”

கிராணிக்கு இருமல் வந்தது. “இங்க குடு. நான் விசாரிச்சுச் சேத்துடறேன்.”

சேர்ப்பித்தாரோ என்னவோ, அடுத்த வாரம் அவர் வீட்டுக் கொல்லையிலும் காளான் வைக்கோல் இறங்கியது. ஆனால் கிராணி மண்வெட்டி பிடித்தால் ஆபீசின் கௌரவம் என்னாவது? கூலிக்காரனைக் கெஞ்சினால் அதைவிடக் கேவலம். குவியல் ஒரு மாதம் அப்படியே கிடந்து நாறியது.

ஒரு செவ்வாய்க்கிழமை கோப்ரல் நான்கு பேரோடு கிராணி வீட்டுக்கு வந்தார். கையில் புதிய கடிதம். லயமே திரண்டது. தனக்குக் கிடைத்த உதவி இன்னொருவருக்கும் கிடைக்கிறதே என்று சன்னாசி மனம் நிறைந்து, தோளும் சரியாகிவிட்டதால், ஒத்தாசைக்குத் தன் மண்வெட்டியோடு போய் நின்றான்.

கோப்ரல் கடிதத்தை நீட்டினார். கிராணி அதை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, தொண்டையைச் செருமி, தம்மீதே சுமத்தப்பட்ட குற்றத்தைக் கலங்காத குரலில், ஓரிடத்தில்கூடத் தடுக்காமல், கடைசி வரி வரை வாசித்தார்.

சன்னாசிக்கு எழுத்து தெரியாது. பிள்ளையார் சுழி மட்டும் தெரியும். அது தாளின் அடியில், தலைகீழாக இருந்தது.