டயர்காரரும் பேரனின் கொப்புளமும்

பேரன் பிறந்த மறுநாளே டயர்காரர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மூத்திரத் துவாரத்தின் விளிம்பில் ஜவ்வரிசி மாதிரி ஒரு கொப்புளம். ஆயுசு முழுக்க டயர் கடையில் கிடந்த மனிதர். புடைப்பு விழுந்த டயரை ஒருநாளும் வண்டியில் மாட்டவிட்டதில்லை.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "தண்ணி கட்டியிருக்கு, அவ்வளவுதான். பொறக்கும்போதே வர்றது, கெட்ட கட்டி இல்ல. பெரும்பாலும் தானா போயிடும். மூத்திரம் தாராளமா போகுதான்னு பாருங்க. முக்கி அழுதாலோ, சொட்டுச் சொட்டாப் போனாலோ, செவந்து வீங்கினாலோ உடனே தூக்கிட்டு வாங்க. யாரும் குத்தக் கூடாது, பிதுக்கக் கூடாது."

"மருந்து?"

"வேண்டாம்."

"களிம்பு?"

"வேண்டாம் தாத்தா."

"அப்ப எதுக்கும்மா கழுத்துல அந்தக் குழாய மாட்டிக்கிட்டிருக்கீங்க?"

மருமகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டாக்டரம்மா சிரித்தார். "அழகுக்குத்தான்."

வீட்டுக்கு வந்தும் கிழவருக்கு மனசு ஆறவில்லை. வேலை தெரியாதவர்கள்தான் 'பார்த்துக்கலாம்' என்பார்கள். கொப்புளம் அடைத்துக்கொண்டு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மருமகள் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, ஊசியை அடுப்பில் காட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிள்ளையின் துணியை விலக்கிக் குனிந்தார்.

பேரன் காத்திருந்தவன் மாதிரி அடித்தான். கண்ணாடி, மூக்கு, மீசை, ஒன்றையும் விடவில்லை. நூல் பிடித்த மாதிரி நேரான தாரை. அடைப்பு இருந்தால் இந்த வேகம் வருமா? எத்தனை டியூபுக்குக் காற்றடித்தவர், அவருக்குத் தெரியாதா? ஊசியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கையில என்ன மாமா?" மருமகள் வாசலில் நின்றாள்.

"பொத்தான் தைக்கலாம்னு..."

"பனியனுக்கா?"

ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டை நீட்டினாள். அதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து துணி மாற்றும்போதெல்லாம் அவர்தான் காவல். தாரை நேராக வந்தால் "சபாஷ்டா" என்பார். பிள்ளை குப்புற விழத் தொடங்கிய சமயம், ஒருநாள் காலையில் கொப்புளத்தைக் காணோம்.

நேரே டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"என்ன தாத்தா, பேரன் எங்க?"

"அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான். கொப்புளம் போன இடம் தெரியல." இரண்டு கையையும் கூப்பினார். "எல்லாரும் வைத்தியம் செஞ்சதுக்குக் கும்பிடு போடுவாங்க. நீங்க சும்மா விட்டதுக்கு நான் போடறேன் தாயி."

"நீங்களும் சும்மாதானே இருந்தீங்க?"

"எங்க இருந்தேன்? என் பேரன்தான் இருக்க வச்சான்" என்றார், மீசையைத் துடைத்துக்கொண்டு.