வெள்ளம் பற்றி ஐந்து வாக்கியங்கள்

அந்தப் பள்ளிக்கூடத்தின் மாடியறையில் மழைக்காலம் முழுவதும் ஈரச் சாக்கின் வாடை வீசும். மற்ற ஆசிரியைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நுழையும் அவ்வறையில், புது டீச்சர் மட்டும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டே காலடி வைப்பாள். நாற்பதைத் தாண்டியவளைப் புது டீச்சர் என்று அழைப்பது பொருத்தமன்று எனச் சிலர் கருதலாம். ஆயினும், பல்லாண்டுகள் சலவைக்கடையில் சட்டை மடித்துவிட்டு, மாலைக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்று, தேர்வில் இரண்டு முறை குப்புற விழுந்து, மூன்றாம் முறை நிமிர்ந்து, சென்ற ஆண்டுதான் சாக்கட்டியைக் கையில் பிடித்தவளை வேறு எப்படி அழைப்பது?

அவள் மூச்சை இழுத்ததற்குக் காரணம் உண்டு. அவள் சிறுமியாக இருந்தபோது ஆறு கரையுடைத்துத் தெருவுக்குள் வந்தது. தாழ்வான வீடுகளில் இருந்தோர் அனைவரும் இதே மாடியறையில்தான் தஞ்சம் புகுந்தனர். பெஞ்சுகளை இழுத்துச் சேர்த்தால் கட்டில், பிரித்துப் போட்டால் கூடம். அவளுடைய அப்பா லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் அவர் முகம் வீட்டாருக்கே அரிது. அந்த வெள்ளத்தில் சாலைகள் மூழ்கியதால் லாரியும் நின்றது, அப்பாவும் நின்றார். தரையில் சாக்கட்டியால் பாம்பும் ஏணியும் வரைந்து, சட்டைப் பொத்தான்களைக் காய்களாக்கி, பகலெல்லாம் மகள்களோடு விளையாடினார். தோற்கும் நிலை வந்தால் பொத்தானை நைசாக நகர்த்துவார், பிடிபட்டால், "வெள்ளம் தள்ளிருச்சும்மா, நான் என்ன பண்ண?" என்பார். அவர் மறைந்து நெடுநாளாயிற்று. எனினும் அவ்வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் அப்பா இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருப்பதாகவே அவளுக்குத் தோன்றும். வேறு எந்தப் பள்ளியில் வேலை கிடைத்தாலும் அந்த அப்பா கிடைக்க மாட்டார் அல்லவா?

ஆனால் அவளது வேலை தற்காலிகமானது. தலைமையாசிரியை ஒரு நாள் அவளை அழைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"பெற்றோர் நாள் வருது. உங்க வகுப்புல ஒரு பிள்ளை மேடையேறி, தானா எழுதினத இங்கிலீஷ்ல படிக்கணும். நிர்வாகக் குழு முன்வரிசையில உக்காந்திருக்கும். நல்லா வந்தா உங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன். இல்லேன்னா, வருஷக் கடைசியில என்னையும் கேட்காதீங்க."

"சரி மேடம்," என்றாள் அவள். வேறென்ன சொல்வாள்?

அந்த வாரத்துப் பாடம் இயற்கைப் பேரிடர்கள். ஒரு பேரிடரைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். மாதிரி வாக்கியங்கள் பாடநூலிலேயே இருந்தன: வெள்ளம் ஓர் இயற்கைப் பேரிடர், அது வீடுகளையும் பயிர்களையும் அழிக்கிறது, மக்கள் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். பிள்ளைகள் எழுதி நீட்டியவற்றை அவள் பார்த்தாள். முதல் பிள்ளை முதல் கடைசிப் பிள்ளை வரை ஒரே வாக்கியங்கள், ஒரே தேய்ப்பு, ஒரே மடிப்பு. சலவைக்கடையே திரும்பி வந்ததுபோல் இருந்தது.

அன்று மாலை அவள் இதைத் தன் அக்காவிடம் புலம்பினாள். அக்கா சிரித்துவிட்டாள்.

"ஏட்டுச் சுரைக்காயைக் கொடுத்தா ஏட்டுச் சுரைக்காய்தான் திரும்பி வரும். நீ மட்டும் என்னவாம்? புருஷன்கிட்ட சண்டை போட்டாக்கூட 'அதாவது'ன்னு ஆரம்பிக்கிற ஆளு."

"வேற எப்படிக்கா எழுத வைக்கறது?"

"நம்ம வெள்ளத்தைச் சொல்லேண்டி. அப்பா பொத்தானைத் திருடினதைச் சொல்லு. அந்த அறைலதானே நிக்கிற!"

மறுநாள் அவள் பாடநூலை மூடிவைத்துவிட்டுக் கதையைச் சொன்னாள். அவ்வளவுதான், வகுப்பு மடை திறந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெய்த பெருமழை அப்பிள்ளைகள் எல்லாருக்கும் நினைவிருந்தது.

"டீச்சர், எங்க வீட்ல கட்டில் மேல ஸ்டவ் வச்சாங்க!" என்றாள் வாயாடி. அவளுக்கு அப்பெயரை வைத்தது வகுப்பு. அதற்கு நாள்தோறும் சான்று அளித்தது அவள்.

"எங்க சித்தப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கவே மாட்டாங்க டீச்சர். அன்னைக்கு ஒரே மொட்டைமாடில மாட்டிக்கிட்டாங்க. வேற வழியில்லாம பேசிட்டாங்க!" என்றான் சோடாபுட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி.

"அதையே எழுதுங்க," என்றாள் அவள். "வார்த்தை தெரியலைன்னா என்னைக் கேளுங்க."

கட்டிலுக்கும் மொட்டைமாடிக்கும் சித்தப்பாவுக்கும் ஆங்கிலம் கேட்டு அவளைத் துளைத்தெடுத்தார்கள். சித்தப்பாவையும் பெரியப்பாவையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது என்று அறிந்த சோடாபுட்டி, "அப்போ யாரு யார்கூட பேசினாங்கன்னே தெரியாதே!" என்று கவலைப்பட்டான்.

மறுநாள் எழுதியதைப் படிக்கும் வேளையில்தானா தலைமையாசிரியை வகுப்பைப் பார்வையிட வர வேண்டும்! கடைசி பெஞ்சில் அவர் அமர்ந்ததும் வாயாடி எழுந்து கணீரென்று படித்தாள்: "ஃப்ளட் இஸ் வெரி குட். மை ஃபாதர் வாஸ் அட் ஹோம். வீ ஸ்லெப்ட் ஆன் த டேபிள்." வகுப்பு கைதட்டியது. தலைமையாசிரியையின் புருவம் ஏறியது. சோடாபுட்டி படித்தபோது இன்னும் ஏறியது. பேரிடர் என்னும் தலைப்பின் கீழ் ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது.

பிறகு பூனை எழுந்தாள். இவ்வாண்டுதான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். வருவதும் போவதும் ஓசையின்றி இருந்ததால் அப்பெயர். அவள் தெளிவாக, பிழையின்றி, பாடநூலின் ஐந்து வாக்கியங்களை அப்படியே படித்தாள்.

"டீச்சர், இது புக்ல இருக்கறது! காப்பி!" என்று வாயாடி கத்தினாள்.

புது டீச்சரும் ஏறத்தாழ அதையேதான் சொல்ல வாயெடுத்தாள். அப்பொழுது பூனையின் கையைக் கண்டாள். அது பெஞ்சின் விளிம்பை, ஓடும் பேருந்தில் கம்பியைப் பற்றுவதுபோல், பற்றியிருந்தது. டீச்சருக்குத் தன் அம்மா இறந்த நாள் நினைவுக்கு வந்தது. கல்லூரிக்கு விடுப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லை. பாடநூலில் இருந்த 'பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்னும் வாக்கியத்தைப் பார்த்து எழுதினாள். அன்று அவளைத் தாங்கி நின்றது அந்த இரவல் வாக்கியம் ஒன்றே.

"நல்லா படிச்சம்மா. உக்காரு," என்றாள்.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை படிக்கட்டில் நின்றார். "மத்ததெல்லாம் வெள்ளத்துக்கு வாழ்த்துமடல் எழுதின மாதிரி இருக்கு. புக்ல இருந்தாலும் இருக்கட்டும், அந்தக் கடைசிப் பொண்ணு ஒருத்திதான் ஒழுங்கு. என்ன உச்சரிப்பு! அவளையே மேடையேத்துங்க. உங்க காகிதத்துல அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்ததுதான். அவள் மனம் குதித்தது; இனி இந்த அறை தனக்கே என்று ஒரு கணம் எண்ணியும்விட்டாள். மணியடித்த பின் பூனையை நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள்.

"வேணாம் டீச்சர்."

"ஏன்டா கண்ணு? பயமா?"

"அம்மா வருவாங்க." பூனை தன் பையின் வாரைத் திருகினாள். "அந்த மழையில எங்க சுவர் விழுந்துச்சு. அப்பா உள்ள இருந்தாரு. மழைன்னு யாராவது சொன்னாலே அம்மா அன்னைக்கு சாப்பிட மாட்டாங்க."

டீச்சர் அவளருகே பெஞ்சில் அமர்ந்தாள். நேற்று தான் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதையை இப்பிள்ளை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்!

"நேத்து நான் சொன்னது உனக்குக் கஷ்டமா இருந்துதாம்மா?"

பூனை தலையை அசைத்தாள். "இல்ல டீச்சர். உங்க அப்பா நல்லா இருந்தாரு. ஆனா எனக்கு எழுத வரல. புக்ல இருக்கற வெள்ளம்னா பரவால்ல. அது யாரோட வெள்ளமும் இல்லியே." பிறகு அவசரமாக, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. பழைய ஸ்கூல்ல தெரிஞ்சப்புறம் யாருமே என்கூட சண்டை போடல," என்றாள்.

சண்டை போடாததையும் ஒரு குறையாகச் சொல்லும் பிள்ளையிடம் என்ன பேசுவது? "சொல்ல மாட்டேன்," என்றாள். "வாயாடிகிட்ட நாளைக்கே சண்டை வாங்கித் தரேன். போ."

தலைமையாசிரியையின் அறைக்குச் செல்லும் தாழ்வாரம் அன்று மிக நீண்டு தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரும் கல்நெஞ்சக்காரர் அல்லர். எனினும் அந்த ஒரு வார்த்தை அவளுடையது அன்று.

"அந்தப் பொண்ணு வேண்டாம் மேடம். வாயாடி படிக்கட்டும்."

"வெள்ளம் ரொம்ப நல்லதுன்னா? குழு முன்னாடியா? விளையாடறீங்களா?"

"அவ அதை மனசார எழுதினா மேடம்."

"அந்தப் பொண்ணு ஏன் வேண்டாம்? காரணம் சொல்லுங்க."

"சொல்ல முடியாது மேடம்."

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "அப்போ உங்க வகுப்பு வேண்டாம், நாலாம் வகுப்பு மேடையேறட்டும். உங்களை இன்னொரு பருவம் தற்காலிகமாவே வச்சுக்கலாம். அதுக்கு மேல என் கையில இல்ல."

அக்கா மட்டும் இரண்டு நாள் வாய் ஓயாமல் திட்டினாள். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு கேள்விப்பட்டிருக்கேன். வாய் வரைக்கும் வந்ததைக் கையால தள்ளிவிட்டவ நீதாண்டி. காரணமாவது சொல்லித் தொலை!" தங்கை சொல்லவில்லை. சிறு வயதில் ஒரு ரகசியத்தையும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைத்திருக்கத் தெரியாதவள் அவள். அக்காவுக்கே வியப்பாகப் போயிற்று.

அடுத்த வாரம் பாடம் பூகம்பத்துக்கு வந்தது. வெளியே தூறல். மாடியறையில் அதே வாடை. பூனையும் வாயாடியும் ஒரே அழிப்பானுக்காக ஒருவர் பின்னலை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தனர். டீச்சர் அதைக் கண்டும் காணாதவள்போல் நின்றாள்.

சோடாபுட்டி கையைத் தூக்கினான். "டீச்சர், நம்ம ஊர்ல பூகம்பமே வந்ததில்லையே. நாங்க என்னத்தை எழுதறது?"

"புக்கைப் பார்த்து எழுதலாம்," என்றாள் டீச்சர். "இல்ல, மனசுல நினைச்சு எழுதலாம். யாருக்கு எது வருதோ, அது."

எல்லாரும் குனிந்து எழுதத் தொடங்கினர். இன்னும் ஒரு பருவம் என்று எண்ணியபடி, அவள் பெஞ்சுகளுக்கு இடையே மெல்ல நடந்தாள்.