பரபரப்பை வடிகட்டும் பிரிவு

தாய்ப்பாலில் இருக்கும் ஒரு சர்க்கரையை எங்கள் தொழிற்சாலையில் நுண்ணுயிரிகள் செய்கின்றன. பால்மாவில் அதைச் சேர்ப்பார்கள். குழந்தைக்கு அது செரிக்காது. குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கான சாப்பாடு அது. தொட்டியில் நுண்ணுயிரிகள் ஓயாமல் வேலை செய்வதால் அவற்றின் பரபரப்பும் சர்க்கரையில் கரைந்துவிடும். முதலில் செத்த கிருமிகளை வடிகட்டுவார்கள், பிறகு நிறத்தை, பிறகு உப்பை. கடைசியாகப் பரபரப்பை எடுப்பது என் வேலை.

சித்திரையில் என் வடிகட்டி தேய்ந்துபோனது. புதியது வரும்வரை காத்திருக்க முடியாதென்று சரக்கை அப்படியே அனுப்பினார்கள்.

ஒருநாள் காலை அக்கா திலகமணி போன் செய்தாள். அவளுடைய கைக்குழந்தைக்கும் அந்தப் பால்மாதான்.

“பாப்பா எந்திரிச்சுப் போயிட்டா, புள்ள.”

“எந்தப் பக்கம்?”

“கிழக்கால. அவளுக்கு இன்னும் கழுத்துகூட நிக்கல. உங்க மாமா தலையைத் தாங்கிக்கிட்டே பின்னாடி ஓடறாரு.”

ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது பாப்பா ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்தாள். கண்கள் தூக்கத்தில் சொருகின, கால்கள் நிற்கவில்லை. மாமா குனிந்தபடியே தலையைத் தாங்கி வந்தார். பால் புட்டியோடு ஓடிவந்த அக்கா, “ஒரு தடவை மடியில போட்டுக்கிட்டாப் போதும்,” என்றாள். அவள் உதடு வெடித்திருந்தது.

பாப்பாவின் குடலில் அந்தச் சர்க்கரையைத் தின்ற கிருமிகள், அதைச் செய்த கிருமிகளின் பேச்சைத்தான் கேட்கும். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் குப்புராஜ் அண்ணனை அழைத்தேன்.

“அண்ணா, டேங்க் மோட்டாரை நிறுத்துங்க.”

“நிறுத்துனா அதுங்களுக்கு மூச்சு முட்டுமே, அம்மிணி.”

“இங்க பாப்பாவுக்கு முட்டுது.”

 பிறகு மோட்டார் அடங்கியது போனில் கேட்டது. தொட்டியிடம் அவர் தாழ்ந்த குரலில், “போதும், உக்காருங்க,” என்றார்.

பாப்பா இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அக்கா அங்கேயே சப்பணமிட்டு அவளை மடியில் கிடத்தினாள். பாப்பா உடனே தூங்கிவிட்டாள். இடம் மாற்றினால் மறுபடி கிளம்பிவிடுவாள் என்பதால் மாமா வீட்டிலிருந்து கட்டிலையும் அடுப்பையும் எடுத்துவந்தார். என்னால்தான் உட்கார முடியவில்லை. அத்தனை நாள் வடிகட்டிய பரபரப்பெல்லாம் என் கைகளில் ஏறியிருந்தது. பாத்திரங்களை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

சாயங்காலம் கோயம்புத்தூர் ரயில் வந்தது. அக்கா உதட்டில் விரல் வைத்து, “இப்பத்தான் தூங்கறா,” என்றாள்.

ரயில் சக்கரங்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தது. நான் காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.