அசைபோடாத ஆடுகள்

...ஊசியே போடாத ஆட்டுக்கு எப்படிம்மா கார்ட்டிசால் ஏறும், என்று காலையில் ராமதாஸ் சார் போனில் கேட்டார், ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிறவர், அதனால் பார்க்கிறேன் சார் என்று பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டியாயிற்று, இப்போது பௌர்ணமிக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நடக்கும்போதல்லவா பதில் தொண்டையில் வந்து முட்டுகிறது, ஏறும் சார், நான் வந்தாலே ஏறும்... அன்புச்செல்வி துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டாள். கிரிவலத்துக்காகச் செங்கம் சாலையில் தடுப்பைப் போட்டுவிட்டார்கள், வீடு ஆசிரமத்துக்குப் பின்னாலதான் சார் என்று கெஞ்சியும் போலீஸ்காரர் மசியவில்லை, ஸ்கூட்டரைத் தோழி வஜீதா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நடை. மகள் எழில் காத்துக்கொண்டிருப்பாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்குச் சாயங்காலம் ஆனால் வயிற்று வலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை, பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்தாயிற்று, ஸ்கூல்ல எதாவது பிரச்சனையான்னு கேளுங்கம்மா என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், கிளாஸ் டீச்சரிடம் போய் ஒரு பாட்டம் கத்திவிட்டு வந்தாள், அந்த டீச்சர் பெண் அழுதேவிட்டது, சே, பாவம். வலிக்கிற வயிற்றோடு எப்படிப் படிக்கும் பிள்ளை? இன்றைக்குக் கணக்கு டெஸ்ட் பேப்பர் கொடுத்திருப்பார்களே, போனதும் வாங்கிப் பார்க்க வேண்டும், ஹோம்வொர்க் பார்க்க வேண்டும், நேற்று மாதிரி யூனிஃபார்மோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் இரண்டு போடு போட வேண்டும்.

ஆனால் அந்த ஆடுகள் படுத்திருந்தனவே... ஒரு வருஷமாக வேங்கிக்கால் தாண்டி அந்தக் கொட்டகைக்குப் போகிறாள், ஒரு நாளாவது அவை படுத்துப் பார்த்திருப்பாளா? போகும்போதெல்லாம் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆடு என்றால் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டாள், கால்நடை மருத்துவம் படித்தவள், நல்ல லட்சணம்! இன்று மதியம் மெயின் ரோட்டில் டயர் பஞ்சர், ஆடு பார்த்துக்கொள்ளும் பெரியவர் மண்ணாங்கட்டி வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போக, அவள் மட்டும் நடந்து உள்ளே போனால், அத்தனையும் படுத்துக் கண்ணை மூடி மெதுவாக அசைபோடுகின்றன, தாடை அரைகிற சத்தம்கூடக் கேட்டது, ஐயோ எவ்வளவு அழகு என்று நின்றுவிட்டாள். அப்புறம் வாசலில் அவளுடைய வண்டிச் சத்தம். சடாரென்று எல்லாம் எழுந்தன. தாடைகள் நின்றன. "பஞ்சர் போட்டாச்சு மேடம், ஓட்டிப் பாருங்க" என்று மண்ணாங்கட்டி இறங்குகிறார், ஆடுகளோ மூலையில். பயந்தால் மூளையின் அடியில் ஒரு சொட்டு ஹார்மோன், அது பிட்யூட்டரியை உசுப்ப, அது சிறுநீரகத்தின் தலையில் குந்தியிருக்கும் அட்ரீனலை உசுப்ப, ரத்தத்தில் கார்ட்டிசால், அந்த முதல் சொட்டுதான் பிராணிக்குப் பிராணி மாறும், எலிக்கு சி.ஆர்.எச். முந்தும், ஆட்டுக்கு வாசோபிரெசின், கோழிக்கு வாசோடோசின், கோழிக்குக் கடைசியில் சுரக்கிற ஹார்மோனே வேறு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். பாதி ஆட்டுக்கு ஹார்மோன் ஊசி போட்டாள், மீதியைச் சும்மா விட்டு, அமைதியாக இருக்கும் ஆட்டுக்கு அளவு எவ்வளவு என்று பார்க்க ரத்தம் எடுத்தாள், அதே ஸ்கூட்டரில் வந்து, அதே கையால். அமைதியாக எது இருந்தது? ஒரு வருஷ உழைப்பு போச்சு. சார் முகத்தில் எப்படி முழிப்பது... மனுஷக் குட்டிக்கு எது முந்தும் என்று ஒரு கேள்வி எங்கிருந்தோ வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டாள்.

தெருமுனை திரும்பியதுமே சிரிப்புச் சத்தம். யார் வீட்டில்? அட, நம் வீட்டில். அவளுக்கு முன்பே வேலை முடிந்து வந்துவிடும் கணவன் வளவனின் குரல், "இன்னொரு வாட்டி பண்ணு, இன்னொரு வாட்டி", உடனே ஆசிரமத்து மயில் அகவுவது போலவே ஒரு குரல், அப்புறம் எழிலின் சிரிப்பு, வயிறு குலுங்கக் குலுங்க. இவளுக்கு மயில் மாதிரி கத்த வருமா? எனக்குத் தெரியாதே! எப்போதிலிருந்து? வலி இல்லையாடி கண்ணு உனக்கு... அன்புச்செல்விக்கு அடக்க முடியாத சந்தோஷம், கேட்டின் கொண்டியில் கை வைத்தாள். பின்னால் தெருவில் ஒரு ஸ்கூட்டர், ரோந்துப் போலீஸ்காரர், அவருக்கு மட்டும் தடுப்பு ஏது, அவளைத் தாண்டிப் போய்விட்டார். உள்ளே சிரிப்பு நின்றது. டிவி நின்றது. நாற்காலி இழுபட்டது, ஏதோ புத்தகம் திறக்கப்பட்டது, பிறகு சின்னக் குரலில், "அம்மா வந்துட்டாங்க... அப்பா, வயித்த வலிக்குதுப்பா."

கொண்டியிலிருந்து கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். உள்ளே போனால்... போகாமல் எங்கே போவது? ஏறினது எவ்வளவு நேரம் ஆனால் இறங்கும்? சாலையில் அரோகரா என்று கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய வண்டி இன்னும் வஜீதா வீட்டு வாசலில்தான் நிற்கிறது.